இலைக்குள் நின்ற ஓட்டை

இந்தக் கதை எனக்கு நேரடியாகத் தெரிந்ததல்ல. யுவராணியை நான் பார்த்ததுகூட இல்லை. திருப்பூரில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி மேகலை, யுவராணி வேலை பார்த்த அதே பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். யுவராணி அவளிடம் சொல்லி, அவள் என்னிடம் மூன்று நான்கு நாட்களாகச் சொன்னது இது. மனதுக்குள் ஓடியதையெல்லாம் ஒருத்தி இன்னொருத்தியிடம் அப்படியே சொல்லிவிட முடியுமா என்றால் முடியாதுதான். விட்டுப்போன இடங்களை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். நடந்தவற்றில் எதையும் கூட்டவில்லை.

அருள்தாஸ் பதினோரு மணிக்கு முதல் அட்டைப்பெட்டியைப் பிரித்தார். வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் சரக்கைப் பார்த்துச் சரி சொல்ல வந்த இன்ஸ்பெக்டர் அவர். அவர் கையெழுத்துப் போட்டால் ஐந்து மணிக்கு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும், போடாவிட்டால் கிளம்பாது. மேஜைக்கு இந்தப் பக்கம் யுவராணி நின்றாள். இந்த ஆர்டரை ஆரம்பத்திலிருந்து கவனித்துக்கொண்ட மெர்ச்சண்டைசர் அவள்தான், எட்டு மாதமாக அந்த வேலையில் இருக்கிறாள். அவர் கேட்டதை எடுத்துக் கொடு, கேட்காததை எடுத்து நீட்டாதே என்று மேனேஜர் சென்னியப்பன் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சும்மா சொன்னதுதான், ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்வது, ஆனால் இன்றைக்கு அது தனக்கென்றே சொன்னதாக அவளுக்குப் பட்டது, அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தில் ஒன்றும் இல்லை, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு கட்டிங் பிரிவுக்குப் போய்விட்டார். மொத்தம் இரண்டாயிரத்து நானூறு டீ-சர்ட். அதில் அங்கங்கே கைவிட்டு நூற்று இருபத்தைந்தை எடுப்பார். பெரிய குறை ஏழு வரை பரவாயில்லை, எட்டு வந்தால் மொத்தமும் நிற்கும். ஏழு வரை தப்பு தப்பில்லை என்பது முதல் மாதத்தில் அவளுக்கு விசித்திரமாக இருந்தது, அப்புறம் யோசித்தால் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்றார்களே, அப்படியென்றால் அறுபத்தைந்து தப்பு செய்யலாம் என்றுதானே அர்த்தம், அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அருள்தாஸ் டேப்பை நீட்டி மார்பளவு பார்த்தார், கழுத்தை இழுத்துப் பார்த்தார், அச்சின் மேல் ஒட்டும் காகிதத்தை ஒட்டிச் சர்ரென்று பிய்த்து, காகிதத்தில் பச்சை வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வரவில்லை. வெள்ளை டீ-சர்ட், முன்பக்கம் பச்சையில் ஒரு மரம், பின்பக்கம் வட்டமாகக் கணினி மொழிகளின் பெயர்கள். ஏதோ ஒரு குளிர் நாட்டில் வருஷத்துக்கு ஒருமுறை புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடுவார்களாம், அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று. மரம் அவர்கள் சின்னம். பார்க்க நல்ல மரம்தான். பார்க்கிற யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியாது, அதுதான் காலை எட்டரை மணியிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

எட்டரைக்குப் பஸ் நல்லூர் தாண்டிக்கொண்டிருந்தது. காங்கேயத்திலிருந்து தினமும் வருகிற பஸ், ஜன்னலோர இடம், இன்ஸ்பெக்டர் பச்சை நிறத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு அசல் நிறம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாமே என்று ஃபோனில் அந்தக் கூட்டத்தாரின் பக்கத்தைத் திறந்தாள். யாரும் சொல்லாமல் தானாகச் செய்த வேலை. அவள் எப்போதும் அப்படித்தான், பரீட்சைக்கு முதல் நாள் சிலபஸில் இல்லாத பாடத்தையும் ஒருமுறை புரட்டிவிட்டுத்தான் தூங்குவாள், எங்கேயிருந்து வருமென்று யாருக்குத் தெரியும். பக்கத்தின் அடியில் மரத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. இலைகளுக்கு நடுவே பாருங்கள், ஹெலன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மேலே வலது பக்கம் இலைக்கூட்டத்துக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை இடைவெளி, சட்டென்று பார்த்தால் இலைகளுக்கு நடுவே தெரிகிற வானம் போலத்தான் இருக்கும், உற்றுப் பார்த்தால் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு குருவி. அழகாக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி டீ-சர்ட் ஞாபகம் வந்தது. டீ-சர்ட்டில் குருவி இல்லை. அந்த இடத்தில் இலை இருக்கிறது, நல்ல அழுத்தமான பச்சையில், ஒரு பிசிறு இல்லாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்ன கண்ணு, எறங்கோணுமா என்று கேட்டாள், இல்லைங்க என்று சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள், பார்க்கப் பார்க்கக் குருவி இன்னும் தெளிவாகிக்கொண்டே வந்தது. அதோடு கூடவே ரபீக் அண்ணனின் குரலும். மூன்று வாரம் முன்னால், மாலை ஆறரை, பழைய பஸ் ஸ்டாண்டில் காங்கேயம் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது, அவள் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறாள், ஃபோன் அடிக்கிறது. ரபீக் அண்ணன் பிரிண்டிங் பட்டறையில் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து அச்சுக்குத் தயார் செய்கிறவர். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய ஃபைல் அவருடைய பழைய கம்ப்யூட்டரில் திறக்கவில்லை, அதனால் படத்தைப் பார்த்து ஓரம் பிடித்துத் தானே வரைந்திருக்கிறார், வரைந்து முடித்துவிட்டு ஒரு சந்தேகத்துக்குக் கேட்கிறார். அம்மிணி, எலைக்குள்ள ஒரு ஓட்டை நிக்குது, அடச்சுரட்டுமா? பனியன் ஊரில் ஓட்டை என்றால் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. துணியில் ஓட்டை என்றால் பீஸ் போயிற்று, அச்சில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் மறு அச்சு, முதல் மாதத்தில் அப்படி ஒன்றைக் கவனிக்காமல் விட்டதற்கு அவள் செக்கிங் பெண்கள் இருபது பேருக்கு முன்னால் திட்டு வாங்கியிருக்கிறாள். அடச்சுருங்கண்ணா என்றாள். படியில் ஒரு கால் வைத்தாகிவிட்டது. இன்று காலை ஃபோனில் பழைய அழைப்புகளைத் தேடிப் பார்த்தாள். பதினெட்டு நொடி. அதில் பத்து நொடி அவள் மூச்சு வாங்கிய சத்தமாகத்தான் இருக்கும்.

அருள்தாஸ் டீ-சர்ட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் படித்தார். எழுத்துப் பிழை பார்க்கிறார். விரலை வட்டமாக ஓட்டி ஜாவா, பைத்தான், ரூபி, பெர்ல், ரஸ்ட், அடா, பாஸ்கல் என்று உதடு அசையப் படித்துவிட்டு, என்னம்மா இதெல்லாம் ஊர்ப் பேரா என்றார். கம்ப்யூட்டர் மொழிங்க சார் என்றாள். நீ படிச்சிருக்கியா என்றார். சிலது படிச்சிருக்கேனுங்க சார். படித்தாள்தான், தாராபுரத்தில் மூன்று வருஷம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அம்மாவுக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் புரிந்திருந்தது, மகள் நான்கு பாஷை படிக்கிறாள். தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போடும்போது அம்மா இதை எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஒருநாள் களத்தில் வேலைக்கு வந்த ஒடிசாக்காரப் பெண் ஒருத்திக்குக் காய்ச்சல், என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாமல் அழுகிறாள், அம்மா வீட்டுக்கே ஓடி வந்து யுவராணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள். கேட்டுச் சொல்லு கண்ணு, எங்க நோவுதாம்? அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் நெற்றியில் கை வைத்துவிட்டு எனக்கு இந்தப் பாஷை தெரியாதும்மா என்றாள். அப்புறம் எந்தப் பாஷைதான் படிச்ச? அம்மா கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஜாவா என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும். யார் பேசற பாஷை அது, எந்த ஊர்க்காரங்க என்று கேட்டிருப்பாள். பெயர்களுக்குப் பின்னால் ஏதாவது இருக்கும் என்றே அந்த மூன்று வருஷத்தில் அவளுக்குத் தோன்றவில்லை, வாத்தியாருக்கும் தோன்றவில்லை, பேர் பேர்தான், பரீட்சையில் கேட்க மாட்டார்கள். கேட்டது கோயம்புத்தூரில். படிப்பு முடித்து வேலைக்குப் போன நேர்காணலில், எல்லாம் ஓரளவு சொல்லிவிட்ட பிறகு, கண்ணாடி போட்ட ஒருவர் சாதாரணமாகக் கேட்டார், பைத்தானுக்கு ஏன் அந்தப் பேர்? பாம்புங்க சார் என்றாள். அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பில்லை, சிரித்துவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். அவர் என்ன எழுதினார் என்பது அவளுக்குத் தெரியாது. வேலை கிடைக்காததற்கு அதுதான் காரணம் என்றும் தெரியாது. ஆனால் அன்று பஸ்ஸிலேயே தேடிப் பார்த்துவிட்டாள், பாம்பு இல்லை, அதை உருவாக்கியவருக்குப் பிடித்த ஒரு நகைச்சுவைக் குழுவின் பெயராம். பாம்பு பிறகு படத்தில் வந்து சேர்ந்துகொண்டது. ஜாவாவுக்கு முதலில் வைத்த பெயர் ஓக், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஓர் ஓக் மரம் நின்றதாம், அந்தப் பெயரை வேறு யாரோ ஏற்கெனவே பதிவு செய்திருந்ததால் மாற்ற வேண்டியதாகி, காப்பிக்குப் பேர்போன தீவின் பெயர் வந்தது. மரம் போய் காப்பிக் கோப்பை வந்தது. அந்த மரம் இன்னும் நிற்கிறதா என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினாள், கிடைக்கவில்லை. பெர்ல் முத்துதான், ஆனால் ஓர் எழுத்தைக் குறைத்துவிட்டார்கள், முழுசாக எழுதினால் வேறொரு மொழி அதே பெயரில் இருந்தது. சி-க்கு ஒன்றுமே இல்லை, அதற்கு முன்னால் பி என்று ஒன்று இருந்தது. ரஸ்ட் இரும்பில் பிடிக்கிற துரு இல்லையாம், செடியில் பிடிக்கிற பூஞ்சை. இதைப் படித்தபோது சிரித்துவிட்டாள், அப்பாவுக்கு இது தெரியுமே, நிலக்கடலையில் இலைக்கு அடியில் செம்பொடி தட்டினால் துரு விழுந்துடுச்சு என்பார், சுலபத்தில் சாகாது என்பார், அதை உருவாக்கியவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார். அப்பா அந்த நேர்காணலுக்குப் போயிருந்தால் அந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியிருப்பார்.

அதற்கப்புறம் அது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கடக்க முடியவில்லை. வெளிநாட்டுக் கூரியர் வண்டியின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு வெள்ளை அம்பு ஒளிந்திருக்கிறது, கம்பெனி வாசலில் அந்த வண்டி நிற்கும்போது மேகலைக்குக் காட்டினாள், மேகலை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆமா, அம்பு, இதுக்கு என்ன இப்ப என்றாள். ஒன்றுமில்லைதான். ஆனால் தெரிந்த பிறகு தெரியாதபடி பார்க்க முடியாது, அம்புதான் முதலில் கண்ணில் படும், எழுத்து அப்புறம்தான். அமேசான் பெட்டியில் சிரிக்கிற மாதிரி இருக்கிற கோடு ஏ என்ற எழுத்திலிருந்து இசட்டுக்குப் போகிறது. கடித்த ஆப்பிளுக்கு ஊரில் பத்துக் கதை சொல்கிறார்கள், வரைந்தவர் சொன்னது, கடிக்காவிட்டால் செர்ரிப் பழமென்று நினைத்துவிடுவார்கள் என்பதுதான். இப்படியும் இருக்கிறது, பெரிய அர்த்தமென்று எல்லாரும் நம்புகிற இடத்தில் ஒன்றுமே இல்லாமல். இந்தக் குருவியும் அப்படி ஒன்றாக இருக்கலாமே என்று ஒன்பதே முக்காலுக்கு அவள் ஒரு நப்பாசையோடு மறுபடி தேடினாள், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு. கூட்டத்தை ஆரம்பித்தவர்கள் மூன்று பேர் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். பெண்ணின் பெயர் ஹெலன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு வருஷங்கள் போட்டிருந்தார்கள், பிறந்தது ஒன்று, இன்னொன்று. கழித்துப் பார்த்தாள். முப்பத்தேழு. ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு வந்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள், இன்ஸ்பெக்டர் வருகிற நேரமாகிவிட்டது.

பன்னிரண்டேகாலுக்கு அருள்தாஸின் தாளில் ஐந்து குறை விழுந்திருந்தது. ஒன்றில் கைப்பக்கத் தையல் விட்டிருக்கிறது, ஒன்றில் எண்ணெய்க் கறை, மூன்றில் கழுத்து வளைந்திருக்கிறது. சென்னியப்பன் மோரோடு வந்தார். எப்படிங்க சார், நம்ம சரக்கு என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், அம்மிணி கம்ப்யூட்டர் படிச்சதுங்க, பீஸ்ல நூல் பிரிஞ்சிருந்தாக்கூட சுட்ச அமத்திப் போட்டா சரியாப்போயிரும்னு நெனைக்கும் என்றார். அருள்தாஸ் சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரிக்க வேண்டிய இடம் அது. சென்னியப்பன் கெட்ட மனிதர் இல்லை. நேர்காணலில் அவளைப் பைத்தான் என்றெல்லாம் கேட்கவில்லை, இங்கிலீஷ்ல லெட்டர் எழுதுவியா, காலைல எட்டே முக்காலுக்கு வந்துருவியா என்று இரண்டே கேள்வி கேட்டு வேலை கொடுத்தவர். அருள்தாஸ் மோரைக் குடித்துவிட்டு, சாம்பிள் குடும்மா என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். சாம்பிள் என்பது முதலில் தைத்து, எல்லாரும் பார்த்து, இதேபோல மீதியெல்லாம் இருக்க வேண்டும் என்று முத்திரை போட்டு வைக்கிற ஒற்றை டீ-சர்ட். அதன் கழுத்தில் கட்டியிருக்கிற அட்டையில் கம்பெனி சார்பில் பச்சை மையில் அவள் கையெழுத்து. அவள் போட்ட முதல் ஆபீஸ் கையெழுத்து அது. வெளிநாட்டுக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்கிற பெங்களூர் ஏஜென்சியிலும் ஒருத்தி பார்த்துச் சரி என்று மெயில் அனுப்பிவிட்டாள், அவளும் குருவியைப் பார்க்கவில்லை. அருள்தாஸ் சாம்பிளை ஒரு பக்கமும் பெட்டியிலிருந்து எடுத்ததை ஒரு பக்கமும் வைத்து மரத்துக்கு மரம் பார்த்தார். அடிமரம், கிளை, இடது பக்க இலை, வலது பக்க இலை. அவர் விரல் மேலே வலது பக்கம் போனது. அங்கேயே நின்றது. விரல் ஒரு நூல் பிசிறைத் தட்டிவிட்டு நகர்ந்தது. ஒத்துப்போவுது என்றார். ஒத்துத்தான் போகும். தப்பும் தப்பும் ஒத்துப்போகும், அதிலென்ன.

அப்படியானால் முடிந்தது என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி, அவள் வாயைத் திறக்கப்போவதில்லை. திறந்தால் முதல் கேள்வி யார் அடைத்தது என்பதுதான், கை ரபீக் அண்ணனுடையது, அவர் பட்டறைக்கு வருகிற வேலையில் பாதி இந்தக் கம்பெனியிலிருந்துதான் வருகிறது, நான்தான் அடைக்கச் சொன்னேன் என்று இவள் சொன்னால்தான் அவர் தப்புவார், சொன்னால் இவள் போவாள். எட்டு மாத வேலை. அப்பா களத்து மேட்டில் யாரிடமோ, ஆபீஸ் வேலைதானுங்க, பேனாப் புடிக்கற வேலை என்று சொல்லிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டிருக்கிறாள். பதினெட்டு நொடிக்குச் சாட்சி யாருமில்லை. சும்மா இருந்தால் அந்தப் பதினெட்டு நொடியே நடக்கவில்லை என்று ஆகிவிடும். பெட்டி கடலில் போகும், அந்தக் குளிர் ஊரில் யாரோ பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள், போட்டுக்கொண்டு ஃபோட்டோ எடுப்பார்கள், இரண்டாயிரத்து நானூறு பேரில் எத்தனை பேர் இலைக்கு நடுவே பார்க்கப்போகிறார்கள். ஒருவன் பார்ப்பான். அது நிச்சயம். ஹெலனைத் தெரிந்த ஒருவன், அவளோடு சேர்ந்து ஆரம்பித்தவர்களில் ஒருவன், டீ-சர்ட்டைக் கையில் வாங்கியதும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பான், யுவராணி கூரியர் வண்டியில் அம்பைப் பார்ப்பது போல, பார்க்காமல் இருக்க முடியாமல். பார்த்தால் குருவி இல்லை. அவன் என்ன நினைப்பான்? அச்சுப் பிழை என்று நினைப்பானா? இவ்வளவு சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல், இலைக்கு இலை பொருத்தமாக அடைத்திருப்பதைப் பார்த்தால் பிழை என்று யாருக்குத் தோன்றும். எடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இவ்வளவு வருஷமாயிற்று, போதும் என்று யாரோ உட்கார்ந்து பேசி முடிவு செய்து எடுத்துவிட்டார்கள். யார் எடுத்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், ஒருவேளை கேட்காமலே மனதில் வைத்துக்கொள்வார்கள். இல்லாமல் போன குருவிக்கு அங்கே ஓர் அர்த்தம் வந்துவிடும். காங்கேயம் பஸ் நகர்ந்ததும், ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு ஓடியதும் அவர்களில் ஒருவர் மனதிலும் எந்தக் காலத்திலும் வராது. எழுதாத ஒன்றை அவள் அவர்களுக்கு எழுதி அனுப்புகிறாள், தன் பச்சை மைக் கையெழுத்தோடு. கோயம்புத்தூர்க் கண்ணாடிக்காரர் தாளில் என்ன எழுதினார் என்று தெரியாமல் இரண்டு வருஷமாக அவள் சுமந்துகொண்டு திரிகிறாளே, அதேபோல ஒன்றை. இதை இங்கே யாரிடம் சொன்னால் புரியும் என்று நினைத்தபோது, மேகலை அம்பைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விதான் மறுபடி காதில் விழுந்தது. இதுக்கு என்ன இப்ப. ஒன்றுமில்லை. ஒரு குருவி. நகக்கண் அளவு.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அருள்தாஸ் கடைசி டீ-சர்ட்டை மடித்து வைத்தார். குறை ஆறில் நின்றது. சென்னியப்பன் கதவருகே ஃபோனில் லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார், வரச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, கைகாட்டிச் சிரித்தார். அருள்தாஸ் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். வேற ஏதும் சொல்ல இருக்காம்மா என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை அது, கண்டக்டர் இறங்க ஆள் இருக்கா என்று கேட்டுக்கொண்டே விசில் ஊதுவது போல, பேனா தாளில் பட்டுவிட்டது.

“இருக்குதுங்க சார்” என்றாள்.

ஃபோனைத் திறந்து அசல் மரத்தைப் பெரிதாக்கி அவர் முன்னால் வைத்தாள். அவசரத்தில் விரல் பட்டுப் படம் இரண்டு முறை ஓடிப்போய்விட்டது. அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஃபோனைப் பார்த்தார், டீ-சர்ட்டைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார். குருவியா என்றார். ஆமாங்க சார். சாம்பிள்லயும் இல்லையே, சாம்பிள்ல இருக்கறபடி இருந்தா எனக்குச் சரிதாம்மா, என் வேலை அவ்வளவுதான் என்றார், குரலில் எரிச்சல் இல்லை, ஒரு வழி காட்டுகிற மாதிரிதான் சொன்னார். அதற்குள் சென்னியப்பன் வந்துவிட்டார். வந்த வேகத்திலேயே விஷயம் பிடிபட்டு, அது டிசைன்காரன் பண்ணுன வேலைங்க சார், பட்டறையில கேட்டுக்கறேன், நீ போய் பேக்கிங்கப் பாரு அம்மிணி என்றார். போயிருக்கலாம். அவள் போகவில்லை.

“சாம்பிளே தப்புங்க சார். அதுல இருக்கற கையெழுத்து என்னோடது. ரபீக் அண்ணன் எங்கிட்டக் கேட்டாருங்க, ஓட்டை நிக்குது அடைக்கட்டுமான்னு. நாந்தான் அடைக்கச் சொன்னேன்.”

நூல் சுற்றும் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்கூட அப்போது இல்லை, சோறு எடுத்து வந்த டப்பாவை இன்னும் திறக்கவில்லை என்பது சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது. அருள்தாஸ் பெங்களூர் ஏஜென்சிக்கு ஃபோன் போட்டார். அங்கே எடுத்த பெண்ணுக்கு அவர் மூன்று முறை குருவி என்று சொல்ல வேண்டியிருந்தது. எந்தக் குருவி என்று அவள் கேட்பது ஃபோனுக்கு வெளியே கேட்டது. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவள் இருபது நிமிஷத்தில் மெயில் அனுப்பினாள். அந்த இருபது நிமிஷமும் சென்னியப்பன் நாற்காலியில் உட்காராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார், யுவராணி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெயிலில் ஒரே வரி. ஒப்புதல் பெற்ற சாம்பிளோடு ஒத்திருந்தால் அனுப்பலாம், தேதி தவறக் கூடாது. வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்டாளா, கேட்காமல் தானே எழுதினாளா என்பது அதிலிருந்து தெரியவில்லை. அருள்தாஸ் மறுபடி பேனாவை எடுத்தார். தாளின் அடியில் குறிப்பு என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது, பெரும்பாலும் காலியாகத்தான் போகும். அதில் எழுதினார், எழுதியதை அவளுக்குப் படித்தும் காட்டினார், சின்னத்தின் இலைப் பகுதியில் பறவை வடிவ இடைவெளி தவறுதலாக அடைபட்டுள்ளது என்று. தவறுதலாக என்ற வார்த்தையை அவள்தான் கேட்டு எழுத வைத்தாள்.

“என் பேரையும் எழுதிக்குங்க சார், நான் சொன்னதுன்னு.”

“பேரெழுத எடமில்லம்மா. ஃபேக்டரி தெரிவித்ததுன்னு போட்டாப் போதும்” என்றார் அருள்தாஸ். போட்டார். கையெழுத்தும் போட்டார். லாரி ஐந்தே காலுக்குக் கிளம்பியது.

சென்னியப்பன் அவளைத் திட்டவில்லை. மூன்று மணிக்கு அவள் மேஜைக்கு வந்து சாம்பிள் அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். நாளைலிருந்து அட்டைல செக்கிங் துரைசாமி கையெழுத்துப் போடட்டும், நீ பேக்கிங் லிஸ்ட் அடிக்கறதப் பாத்துக்க என்றார். சரிங்க சார் என்றாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, ஃபோன்ல குருவிக்குக் கீழ பேரு போட்டிருந்துச்சே, அந்தப் பொம்பள யாரு என்று கேட்டார். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள், ஆரம்பித்த மூன்று பேரில் ஒருத்தி, முப்பத்தேழு வயதில் போய்விட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் ரபீக் அண்ணன் கூப்பிட்டார். என் பேரச் சொல்லீருக்கலாமில்ல அம்மிணி, எனக்கென்ன, திட்டுனா வாங்கிக்கறேன் என்றார். பிறகு, நல்லாப் பாத்துத்தான் அடச்சேன், மூணு தடவ பெருசு பண்ணிப் பாத்தேன், எனக்கு ஓட்டையாத்தான் தெரிஞ்சுது என்றார். அவள் ஆறு மாதம் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்துவிட்டு, அவிநாசியில் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டாள். டீ-சர்ட்டைப் பற்றி அந்தக் கூட்டத்திலிருந்து யாரும் எதுவும் கேட்டு எழுதவில்லை என்று மேகலை சொன்னாள். குறிப்பை அவர்கள் படித்தார்களா என்பது தெரியாது.

இதை எழுதுமுன் நான் ஒன்றை மட்டும் விசாரித்தேன். அந்தக் கம்பெனியின் சாம்பிள் அட்டையில் அளவு, தையல், நிறம் என்று டிக் அடிக்க மூன்று கட்டங்கள்தான் இருந்தனவாம், இப்போது நான்கு இருக்கின்றன என்று மேகலை சொல்லியிருந்தாள். நான்காவது கட்டத்தில் இடைவெளி என்று இருக்கிறது. இப்போது அதில் டிக் அடிக்கிற பெண்ணிடம் அது எதற்கு என்று மேகலை கேட்டிருக்கிறாள், தெரியலீங்கக்கா, எல்லா அட்டைலயும் இருக்குது, அசலோட வெச்சுப் பாத்து அடிக்கோணும் என்றாளாம். அட்டைப் புத்தகம் அடித்துக் கொடுக்கிற அச்சகம் ஊத்துக்குளி ரோட்டில் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டதில் பழைய ஆர்டர் தாளைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். நான்காவது கட்டத்தைச் சேர்க்கச் சொல்லிக் கையால் எழுதிய தாள். அதில் இருந்த தேதி, ஆய்வு நடந்ததற்கு மறுநாள். கையெழுத்து சென்னியப்பனுடையது.